வீட்டுப் பக்கத்துக் கான்

மரத்தை வெட்டுவது பெரிய காரியமில்லை ஐயா. கோடரியும் இரண்டு ஆளும் இருந்தால் போதும். அடிக்கட்டையை எடுப்பதற்குத்தான் ஆளைத் தேடுவார்கள். ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் அப்படித் தேடினால் ஐயாவு என்று என் பெயரைத்தான் சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. என் வாக்குமூலத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் மலாயில் எழுதுகிறீர்கள். அதில் கூலியாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இருபத்திரண்டு வருடம் அடிக்கட்டை எரித்திருக்கிறேன். நான் வைத்த தீ நான் நினைத்த இடத்தைத் தாண்டிப் போனதில்லை.

நீங்கள் பட்டணத்துக்காரர், எங்கள் மண்ணைப் பற்றித் தெரியாமலிருக்கலாம். அது மண்ணே இல்லை. காட்டு மரமும் வேரும் இலையும் தண்ணீரில் ஊறி, மக்கி, ஆள் உயரத்துக்கு மேல் படிந்து கிடப்பது. கம்புட் என்பார்கள். கான், அதாவது வடிகால், வெட்டித் தண்ணீரை இறக்கினால் எண்ணெய் எடுக்கிற செம்பனை நன்றாக வரும். ஆனால் காய்ந்த கம்புட் எரியும். மேலே எரியாது, அடியில் எரியும். சுடர் கிடையாது, சத்தம் கிடையாது. கொசுவர்த்தி மாதிரி கனிந்துகொண்டே வேர் போகிற வழியில் போகும். மேலே புல் பச்சையாக இருக்கும், நாம் அதன்மேல் நின்று பீடி பிடித்துக்கொண்டிருப்போம்.

அதனால் கட்டையில் தீ வைக்குமுன் அதைச் சுற்றி நாலு பக்கமும் கான் வெட்டவேண்டும். தண்ணீர் தெரிகிறவரை வெட்டவேண்டும். குறுக்கே வருகிற வேரை எல்லாம் அறுத்து உள்பக்கம் இழுத்துப் போடவேண்டும். தீ அடங்கிய பிறகும் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை நடக்க விடுவோம். அறுபத்தொன்பதில் எங்கள் கும்பலில் நடராஜா என்று ஒருவர் கை வைத்துப் பார்க்காமல் நடந்து இடுப்புவரை உள்ளே போய்விட்டார். நான்தான் இழுத்துப் போட்டேன். முழங்காலுக்குக் கீழே இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மேலே ஒரு சாண் தரை நன்றாகத்தான் இருந்தது, அடியில் ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

எங்கள் தோட்டம் ஈஜோக்கிலிருந்து எட்டு மைல் உள்ளே. போன வருடக் கடைசியில், எண்பத்திரண்டில், தோட்டம் கைமாறியது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பதினான்கு குடும்பம் மிச்சம் இருந்தோம். புதிய முதலாளியைக் குறை சொல்லமாட்டேன். அசாம் ஜாவாவில் மெயின் ரோட்டோரம் குடும்பத்துக்கு ஒரு கல்வீடு தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. இந்த வருடம் ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் பதினான்கு குடும்பமும் கையெழுத்துப் போட்டு லயத்தைக் காலி செய்யவேண்டும். ஒரு குடும்பம் மிஞ்சினாலும் ஒருவருக்கும் வீடு கிடையாது. ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணி சிவானந்தம் அதைக் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் எல்லாரையும் நிற்கவைத்து இரண்டு தடவை வாசித்தார்.

எனக்கு ஒரே மகள், சந்திரிகா. பதினேழு வயது. அவளைப் பெற்றுப் போட்டுவிட்டு என் மனைவி போய்விட்டாள். நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது, அதோடு வலிப்பும் ஒட்டிக்கொண்டது. பேச்சு இன்றைக்கும் சின்னப்பிள்ளைப் பேச்சுதான். போன நவம்பரில் ஒருநாள் காலை வந்த வலிப்பு நிற்கவேயில்லை. மழையில் ரோடு முழுகிக் கிடந்தது, லோரி வரவில்லை. சேலையால் அவளை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தேன். முதல் நாலு மைல் அவள் உடம்பு என் முதுகில் உதறிக்கொண்டே வந்தது. அப்புறம் உதறவில்லை. மிச்ச நாலு மைலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நகராது என்று தெரியும். ஆசுபத்திரியில் எப்படியோ பிழைக்கவைத்தார்கள்.

"இன்னொரு தடவை இவ்வளவு நேரம் விட்டா புள்ள கையில கிடைக்காதுலா, ஐயாவு" என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் சொன்னார்.

அசாம் ஜாவா வீட்டிலிருந்து ஆசுபத்திரிக்குக் காரில் பத்தே நிமிடம். எனக்கு அந்த வீடு வேண்டும், அடுத்த மழைக்குமுன் வேண்டும். இதைவிட வேறு எதற்கும் நான் ஆசைப்படவில்லை. வானத்தில் கொஞ்சம் மேகம் கூடினாலே அந்தச் சேலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

பதின்மூன்று குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டது. போடாதவர் கார்த்திகேசு அண்ணன். கான் வெட்டுகிற ஆட்களை மேற்பார்க்கிற மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். லயத்துக் கடைசி வீடு அவருடையது. அவர் மனைவி இராஜம்மா அண்ணிதான் பன்னிரண்டு வருடமாகச் சந்திரிகாவைப் பார்த்துக்கொண்டவர். காலை ஏழு மணிக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போவேன், நாலு மணிக்கு வந்து கூட்டிக்கொள்வேன். குளிப்பாட்டி, தலை பின்னி, ஊட்டிவிட்டு, பகலில் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். ஒரு காசு வாங்கியதில்லை. பெரியம்மா என்றுதான் சந்திரிகா கூப்பிடுவாள், அவளுக்குத் திருத்தமாக வருகிற ஒரே வார்த்தை அது.

அவர்களுக்கும் ஒரே பிள்ளை. தேவதாஸ். அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு ஆறு வருடத்துக்கு முன்னால் சிங்கப்பூருக்குப் போனவன். ஒரு சேதி கிடையாது. இந்த ஜூன் மாதம் திடீரென்று கடிதம் வந்தது. நாலே வரி. கல்யாணமாகிவிட்டது, தீபாவளிக்கு மனைவியோடு வீட்டுக்கு வருகிறேன் என்று. அண்ணி அதை என்னிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அதில் முகவரி இல்லை.

"அட்ரஸ் போடலையே ஐயாவு, நான் எங்கன்னு பதில் எழுதறது?" என்றார் அண்ணன். "ஆறு வருஷம் கழிச்சு வர்றவன், வீடு பூட்டிக் கிடக்கிறதப் பார்த்துட்டு அப்படியே திரும்பிட்டான்னா?"

"கிராணிக்கிட்ட சொல்லி வச்சா போதும்லா, அண்ணே."

"ஆபீசையே இடிக்கப் போறானுங்க. கிராணி மட்டும் நின்னுக்கிட்டு இருப்பாரா? தீபாவளி முடியட்டும், மறுநாளே கையெழுத்துப் போட்டுர்றேன்."

"தேதி ஆகஸ்ட் முப்பத்தொண்ணுண்ணே."

"ரெண்டு மாசம் தாண்டினா குடியா முழுகிடும்? பொறுத்துக்குவானுங்க. தொரமாருங்க பேச்சு எனக்குத் தெரியாதா?"

தோட்டத்துச் சனம் முழுக்க அவரிடம் கெஞ்சியது. நான் காலில்கூட விழுந்தேன். அவர் என்னைத் தூக்கி உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். சந்திரிகாவுக்கு ஏதாவது ஆனால் தானே தோளில் தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னார். அறுபத்து நாலு வயது மனுஷன். அவர் மனதாரத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டையும் காப்பியோடு விழுங்கிக்கொண்டேன்.

ஜூலை கடைசியில் அவரே என் வீட்டுக்கு வந்தார். மகனும் மருமகளும் படுக்க ஓர் அறை இறக்கவேண்டுமாம். அடுப்படிக்குப் பின்னால்தான் இடம். ஆனால் சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் பழைய கெம்பாஸ் மரத்து அடிக்கட்டை நிற்கிறது.

"ஆடியில வீட்டு வேலை தொடங்கக் கூடாது. கட்டைய எடுக்கறதுக்கு ஆடி என்னா செய்யும்? நீ எடுத்துக் குடுத்துரு. ஆவணி பொறந்ததும் கால் நாட்டிடலாம்" என்றார்.

அவர்தான் கேட்டார். இதை எழுதிக்கொள்ளுங்கள். நானாகப் போய் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை. காலி செய்யவேண்டிய மனுஷன் அறை இறக்கப் போகிறாரே என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் பிறகு, சரி அண்ணே என்றேன்.

கெம்பாஸ் கட்டை லேசில் விடாது. கோடரி வைத்தால் கோடரி மழுங்கும். மூன்று பேர் கை கோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும், அவ்வளவு பெரிசு. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். இழுத்தால் அடுப்படிச் சுவர் கூடவே வந்துவிடும், ஏனென்றால் வேர் வீட்டுக்கு அடியில் போயிருக்கிறது. லயத்து வீடுகளுக்குப் பலகைச் சுவர். அடியில் கம்புட், அதன்மேல் ஒரு முழம் செம்மண், அதன்மேல் இரண்டு அங்குலச் சிமெண்டு. எரிப்பதைத் தவிர வழியில்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை, தொழில் தெரிந்த யாரும் சொல்வார்கள்.

இந்த வருட வறட்சி உங்களுக்கே தெரியும். தண்ணீர் நெஞ்சளவு ஆழத்துக்குப் போயிருந்தது. மூன்று பக்கமும் தண்ணீர் வருகிறவரை வெட்டினேன். அண்ணன் வந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கான் அளந்தவர், என் வேலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நாலாவது பக்கம், அதாவது வீட்டுப் பக்கம், முழங்கால் ஆழத்தோடு நிறுத்திவிட்டேன். அங்கே தொடைப் பருமனில் ஒரு வேர் நேராக அடுப்படிக்கு அடியில் போயிற்று. அதை அறுக்கவேண்டும். மரம் அறுக்கிற வாள் கையில்தான் இருந்தது. வேரின்மேல் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு ஓரத்தில் தோண்டினால் சுவர் ஆட்டம் கொடுக்குமே என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வாளை எடுத்துவிட்டேன். பனை மட்டையை வெட்டிப் போட்டு அந்தப் பக்கத்தை மூடினேன்.

"அந்தப் பக்கம் ஆச்சா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆச்சுண்ணே" என்றேன். ஒரு மண்டோர் இன்னொரு ஆளின் வேலையை மட்டையைத் தூக்கிப் பார்த்துச் சோதிக்கமாட்டார், தொழிலாளியை நம்புவதுதான் எங்கள் வழக்கம்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை. வீட்டோரம் நின்ற மரத்தை அப்படியே எரிக்கமாட்டோம். முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, மரத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர்தான் கட்டைமேல் சூடம் ஏற்றவேண்டும். அந்தச் சூடத்திலிருந்துதான் தீ. அண்ணன் ஏற்றினார். அண்ணி சந்திரிகாவின் நெற்றியில் திருநீறு பூசி அவளையும் கும்பிட வைத்தார். ஆகவே சரியாகச் சொன்னால் முதல் தீ நான் வைத்ததில்லை. அதன் பிறகு நாலு நாள் நான் பார்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கட்டை சாம்பலாகிவிட்டது. குழியை மூடி மிதித்துக் கொடுத்தேன். அண்ணி கோழி அடித்துச் சோறு போட்டார்.

ஒன்பதாம் தேதி சந்திரிகாவைக் கூட்டிவரப் போனபோது அண்ணி அடுப்படித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு மூட்டு வலி, பல வருடமாக.

"இங்க வந்து பாரேன் தம்பி. தரை வெதுவெதுன்னு இருக்கு. காலுக்கு என்னா எதமா இருக்கு தெரியுமா? தைலம் தேச்ச மாதிரி."

"வெயில் அப்படி அண்ணி" என்றேன்.

சந்திரிகாவைத் தூக்குகிற சாக்கில் உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். சுவரிலிருந்து இரண்டு முழம் உள்ளே சூடு வந்திருந்தது. நான் போட்ட கணக்கில் ஒரு நாள்தான் வித்தியாசம்.

அன்றிலிருந்து பதினோரு நாள். தினமும் நாலு மணிக்குக் கை வைத்துப் பார்த்தேன். தினமும் கொஞ்சம் உள்ளே நகர்ந்திருந்தது. சூடு போகிற இடத்துக்கு அண்ணியும் பாயை நகர்த்திக்கொண்டே போனார். சந்திரிகா அவர் பக்கத்தில் சுருண்டு படுத்திருப்பாள். ஒருவித புளித்த புகை வாடை வந்தது. எங்கோ காடு எரிகிறது, ஊரெல்லாம் இதே வாடைதான் என்றேன். அது பொய்யில்லை, ஊரெல்லாம் அப்படித்தான் இருந்தது. தரையில் விரிசல் விட்டது. சிமெண்டு பூசிவிடலாம் என்றார் அண்ணன். வீடு பழசாகிவிட்டது, காலியாகக் கிடக்கிற பக்கத்து வீட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பதில். அதைச் சொன்னால் ஆளுக்கொரு வாளியோடு ஓடிவந்து தரையை உடைத்து அணைத்துவிடுவார்கள். வீடு தப்பித்துவிடும். தேதியும் தாண்டிவிடும்.

நான் நினைத்தது இவ்வளவுதான். அடியில் வெந்து போனால் ஒரு நாள் அடுப்படி உட்காரும், தூண் சாயும். வீட்டில் இருக்கமுடியாது. பக்கத்து வீடுகளிலும் ஓட்டையும் உடைசலும்தான், அண்ணன் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போடுவார். விழுவதற்கு முன்னால் எப்படியும் சத்தம் வரும், ஆள் ஓடிவிடலாம் என்று நம்பினேன். நடராஜா போனபோது சத்தம் வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை.

ஆவணி பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கால் நாட்ட நல்ல நேரம் குறித்தார்கள். கட்டை இருந்த இடத்தில் குழி தோண்டினால் புகை தெரிந்துவிடும். எனக்குத் தூக்கம் போயிற்று. முதலாளியின் ஆள் வேறு வந்து, பதின்மூன்று கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கிராணியிடம் கத்திவிட்டுப் போனான். பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. அண்ணன் பலகையும் தகரமும் வாங்க லோரியில் ஈஜோக்குக்குப் போயிருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் அடுப்படி உட்கார்ந்தது. ஒரு கோணி மூட்டையை இறக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். முதலில் ஓடியது நான். மூன்று வாளித் தண்ணீர் ஊற்றினேன். என் கையில் இருக்கிற தழும்பு அன்றைக்கு வந்தது. அண்ணியை வெளியே எடுக்க நாலு மணியாகிவிட்டது. அதைப் பற்றி மேலே சொல்ல என்னால் முடியவில்லை. ஆசுபத்திரிக் காகிதத்தில் இருக்கும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாள் காரியம் முடிந்த கையோடு கார்த்திகேசு அண்ணன் கையெழுத்துப் போட்டார். தேதிக்கு நாலு நாள் முன்னால். பதினான்கு குடும்பத்துக்கும் சாவி வந்தது. வறட்சித் தீ என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனே என் கையைப் பிடித்துக்கொண்டு, நீயாவது ஓடிவந்தியே என்றுதான் அழுதார்.

தீபாவளிக்குத் தேவதாஸ் வந்தான். ஈஜோக் சந்தியில் ஒரு காப்பிக் கடையில் கேட்டானாம், ஐந்து நிமிடத்தில் அசாம் ஜாவாவுக்கு வழி சொல்லிவிட்டார்கள். அம்மா போன இடத்தைப் பார்க்கவேண்டும் என்றான். அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். சாம்பலை விலக்கியபோது, கட்டை இருந்த குழியிலிருந்து அடுப்படி நடுவரை குழாய் பதித்த மாதிரி ஒரு பொந்து. வேர் எரிந்து போன பொந்து. அவர் மண்டோர் அல்லவா, இறங்கி முழம் போட்டு அளந்திருக்கிறார்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ஐயாவு, வீட்டுப் பக்கத்துக் கான்ல தண்ணி பார்த்தியா?"

"பார்க்கலண்ணே."

"அந்த வேரைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சந்திரிகா வந்து அவர் தோளைத் தொட்டு, பெரியம்மா எங்கே என்று கேட்டாள். புது வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் அதையேதான் கேட்கிறாள். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி இரக்கப்பட்டு அவளைப் பார்த்துக்கொள்கிறாள், ஆனால் புஷ்பவள்ளி கையால் பிள்ளை சோறு வாங்கமாட்டேன் என்கிறாள். மழை தொடங்கிவிட்டது. இந்த வாரம் இரண்டு தடவை வலிப்பு வந்து, இரண்டு தடவையும் பத்து நிமிடத்தில் ஆசுபத்திரிக்குப் போய்விட்டோம். நான் சொன்னது சரிதானே ஐயா. நான் வீட்டுக்குத் திரும்பி வராவிட்டால் இனி அவளை யார் கொண்டுபோவார்கள் என்பதை மட்டும் நீங்கள் விசாரித்துச் சொல்லவேண்டும்.

வேண்டுமென்று ஒரு உயிரை எடுத்தவன் இல்லை நான். வேரை அறுக்காமல் விட்டேன், ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டேன். செய்யாமல் விட்டதெல்லாம்தான் என் குற்றம், செய்தது என்று ஒன்றும் இல்லை. அப்படித்தான் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பன்னிரண்டு வருடமாக மத்தியானத்தில் அண்ணி பக்கத்தில் படுக்கிற பிள்ளை அன்றைக்கு மட்டும் ஏன் அங்கே இல்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். அன்று காலை நான் வேலைக்குப் போகவில்லை. பதினொரு மணிக்கு அங்கே போய்ப் பாய்க்குப் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, வீட்டில் படுக்கவைக்கிறேன் என்று சந்திரிகாவை எழுப்பித் தூக்கிக்கொண்டேன். காய்ச்சல் என்றதும் அண்ணி பதறிப்போய், நானும் கூட வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். நான் அவர் கையிலிருந்து பாயை வாங்கி, அதே இடத்தில் விரித்து, "மூட்டு வலியோட எதுக்கு அண்ணி அலையிறீங்க, நீங்க படுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.